செய்திகளை வைத்து உலக மதங்கள் நடத்திய அரையாண்டு

உலக மதங்கள் பாடத்துக்கு எங்களுக்குக் கிடைத்த புத்தகம் எல்லா மதங்களையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்திருந்தது: தோற்றுவித்தவர், புனித நூல், கோட்பாடு, பண்டிகை, வழிபாட்டிடம். கிறிஸ்தவத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இஸ்லாத்துக்கும் ஓரளவு பொருந்தும். இந்து சமயத்தில் தோற்றுவித்தவர் என்று யாரை எழுதுவது? ஜப்பானின் ஷிந்தோ மதத்துக்கு பைபிள், குர்ஆன் போல ஒரு நூலை எங்கிருந்து கொண்டுவருவது? புத்தகம் எதையோ எழுதிக் கட்டங்களை நிரப்பியிருந்தது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு, மறந்துவிடுவார்கள்.

2025-இல் இந்தப் பாடம் என் பொறுப்புக்கு வந்தது. ஜனவரி முதல் ஜூலை வரை, அவ்வப்போது வரும் செய்திகளையும் அன்றாடம் கண்ணில் படும் பொருள்களையும் கொண்டே நடத்துவது என்று தீர்மானித்தேன். புத்தகம் அலமாரியில் இருக்கும். ஐயம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

தலைமையாசிரியர் கேட்டது ஒன்றுதான்: “செய்தி என்றால் அரசியலும் வருமே?” வரும், மதத்திலிருந்து அதைப் பிரித்துவிட்டால் பாதிக் கதை போய்விடும் என்றேன். பெற்றோரின் கவலை வேறு. பிள்ளையின் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும் என்று சிலர் அஞ்சினார்கள். தங்கள் மதத்தை வகுப்பில் யாராவது இழிவாகப் பேசுவார்கள் என்று வேறு சிலர். அவர்களுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். ஒரு மதத்தைப் பின்பற்றச் சொல்லித் தருவது வேறு, மதங்களைப் பற்றிச் சொல்லித் தருவது வேறு என்ற வேறுபாடுதான் அதன் சாரம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் அரசுப் பள்ளிகளில் பக்திச் செயலாக பைபிள் வாசிக்க வைப்பதைத் தடுத்தபோதும், மதங்களைப் பாடமாகக் கற்பதைத் தடுக்கவில்லை. ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் சார்பில் பள்ளிகளில் மதங்களைப் பற்றிக் கற்பிப்பதற்காக 2007-இல் வந்த தொலேதோ வழிகாட்டு நெறிகளும் இதே வழியில் செல்கின்றன. இவ்விரண்டையும் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தேன். அதன்பின் எதிர்ப்பு அடங்கியது என்று சொல்ல மாட்டேன். கேள்விகள் கூர்மையாயின, அது எனக்கு உதவியாகவே இருந்தது.

வகுப்புக்குச் சில விதிகள் வைத்தேன். எந்த மாணவரும் தன் மதத்தின் பேச்சாளர் ஆக வேண்டியதில்லை. விரும்பினால் பேசலாம், யாரும் “நீதான் சொல்லேன்” என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. “முஸ்லிம்கள் இப்படி”, “பௌத்தர்கள் அப்படி” என்று எழுதினால் எந்த நாட்டில், எந்தப் பிரிவில், எந்தக் காலத்தில் என்று அடுத்த வரியிலேயே எழுத வேண்டும். சடங்குகளை வகுப்பில் நடித்துக் காட்டுவது கிடையாது. வேடம் கட்டிப் பிறர் வழிபாட்டை நடிப்பதைக் கற்றல் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜனவரியில் பிரயாக்ராஜில் மகா கும்பமேளா தொடங்கியது. 13 ஜனவரி முதல் 26 பிப்ரவரி வரை நடந்த நிகழ்வு அது. 29 ஜனவரி அன்று நெரிசலில் பலர் உயிரிழந்தார்கள். மாணவர்கள் சேகரித்து வந்த செய்திகளில் பெரும்பாலானவை அந்த நெரிசலைப் பற்றியவை. மீதி பிரபலங்கள் நீராடிய படங்கள். ஒருவர் முந்தைய ஆண்டு ஹஜ்ஜில் வெப்பத்தால் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியையும் கொண்டுவந்து இணைத்தார். வகுப்பு முடியும்போது கரும்பலகையில் புனிதப் பயணம் என்பதன் கீழ் இருந்தவை எல்லாம் மரணம், கூட்டம், காவல்துறை.

செய்திக்கு மதம் கண்ணில் படுவதே ஏதாவது உடையும்போதுதான். அதனால் அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு செய்திக்கும் இணையாக, செய்தியாகவே ஆகாத ஒரு அன்றாடப் பொருளையும் கொண்டுவரச் சொன்னேன். தொலைபேசியில் தொழுகைத் திசை காட்டும் செயலி, யூத உணவு விதிகளுக்கு ஏற்றது என்று உணவுப் பொட்டலத்தில் காட்டும் கோஷர் முத்திரை, தலைப்பாகை அணிந்த சீக்கியருக்குத் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து விலக்கு அளிக்கும் 1976-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் என்று வந்து குவிந்தன. விளையாட்டு ரசிகர்கள் சிலர் 2021 ஏப்ரலில் நடந்த பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றைக் காட்டினார்கள். நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் கோல் கிக்கைச் சற்றுத் தாமதப்படுத்தினார்கள், வீரர் ஏதோ அருந்தினார், ஆட்டம் தொடர்ந்தது. அவ்வளவுதான். 1965-இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் சாண்டி கூஃபாக்ஸ், யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் என்பதால் அந்த விளையாட்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் பந்து வீச மறுத்ததை அதன் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் ஆட்டம் வளைந்து கொடுக்கிறது, மற்றதில் வீரர் விலகி நிற்கிறார்.

மார்ச்சில் நாட்காட்டியை எடுத்தோம். ரமலான் சவூதியில் மார்ச் 1 அன்றும் இந்தியாவில் மார்ச் 2 அன்றும் தொடங்கியது; பிறையைக் கண்ணால் காண்பதா, கணிப்பதா, எங்கே கண்ட பிறை என்ற கேள்விகள் அங்கிருந்தே எழுந்தன. இஸ்லாமிய ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்கள் என்பதால் ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகிறது. யூத நாட்காட்டி 19 ஆண்டுகளுக்கு ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டி வசந்தத்தை இழக்காமல் பார்த்துக்கொள்கிறது. இந்துச் சந்திர நாட்காட்டிகளில் ‘அதிக மாதம்’ என்னும் கூடுதல் மாதம் இதே வேலையைச் செய்கிறது. 2025-இல் மேற்கத்திய திருச்சபைகளுக்கும் கிழக்கு மரபுவழித் திருச்சபைகளுக்கும் ஈஸ்டர் ஒரே நாளில், ஏப்ரல் 20 அன்று வந்தது. எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நைசியா சங்கம் 325-இல் விரும்பியது நடக்க, அதன் 1,700-ஆம் ஆண்டில் இரண்டு கணக்குகள் தற்செயலாக ஒத்துப்போக வேண்டியிருந்தது.

அந்த ஈஸ்டருக்கு மறுநாளே போப் பிரான்சிஸ் காலமானார். அடுத்த மூன்று வாரங்கள் பாடத்தை நான் நடத்தினேன் என்பதைவிட, அது எங்களை இழுத்துச் சென்றது எனலாம். அடுத்த போப்புக்கான தேர்தலில் எண்பது வயதுக்கு உட்பட்ட கர்தினால்கள் மட்டும் வாக்களிப்பது ஏன், 133 பேரில் மூன்றில் இரண்டு பங்கான 89 வாக்குகள் எப்படி, வாக்கெடுப்பின் முடிவைச் சொல்லும் புகையின் நிறம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மே 8 அன்று பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். பெயருக்கான காரணத்தை அவரே பின்னர் சொன்னார்: தொழிலாளர் நிலை பற்றி 1891-இல் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோ.

ஆனால் வகுப்பைப் புரட்டிப் போட்டது பின்வரிசையிலிருந்து வந்த ஒரு கேள்வி: “மற்ற மதங்களில் அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?” புத்தகத்தின் எந்த அத்தியாயத்திலும் இந்தக் கேள்வியே இல்லை, ஏனென்றால் அது அத்தியாயங்களுக்கு இடையில் இருக்கிறது. 632-இல் நபிகள் மறைந்தபின் தலைமை யாருக்கு, அவர் குடும்ப வழிக்கா என்பதில்தான் சன்னி, ஷியா பிரிவின் வேர் இருக்கிறது. 1708-இல் சீக்கியர்களின் குரு கோபிந்த் சிங் மனித குருக்களின் வரிசையை முடித்து, நூலையே குருவாக்கினார். ஜூலை 2 அன்று திபெத்திய பௌத்தத் தலைவர் தலாய் லாமா தன் பதவி தொடரும், மறுபிறவியை அடையாளம் காணும் உரிமை தன் அறக்கட்டளைக்கே என்று அறிவித்தார். சீன அரசோ 1793-இல் சீனாவின் சிங் (Qing) பேரரசு கொண்டுவந்த, கலசத்திலிருந்து சீட்டெடுக்கும் தங்கக் கலச முறையையும் அரசின் ஒப்புதலையும் வலியுறுத்துகிறது. வாக்கு, வம்சம், நூல், மறுபிறவி என நான்கையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதியபோது, அதிகாரம் என்ற சொல்லை நான் எழுதுவதற்கு முன்பே மாணவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நடந்துகொண்டிருக்கும் போர்களைப் பற்றிய செய்திகளை இதற்குப் பிறகே எடுத்தேன். “எந்தப் பிரிவு”, “எங்கே”, “எப்போது” என்று கேட்கும் பழக்கம் வந்தபின் எடுத்ததால், வகுப்பில் குரல்கள் உயர்ந்தபோதும் பேச்சு தடம் மாறவில்லை.

தேர்வில் முன்பின் பார்க்காத ஒரு செய்தியைக் கொடுத்தேன். அதில் எதெல்லாம் பொதுமைப்படுத்தல் என்று அடிக்கோடிட வேண்டும். செய்தியாளர் விட்டுவிட்ட தரப்பு எது என்று எழுத வேண்டும். இணையான அன்றாட எடுத்துக்காட்டு ஒன்றும் தர வேண்டும். மனப்பாடத்தில் வல்லவர்களுக்கு இது கடினமாக இருந்தது. அவர்களுக்காகப் பண்டிகைப் பட்டியலைத் திரும்பக் கொண்டுவர எனக்கு மனமில்லை; இதே மாதிரியில் இரண்டு பயிற்சித் தாள்களை ஆண்டின் நடுவிலேயே கொடுக்கலாம்.

போப் தேர்தல் ஆண்டுதோறும் வராது. நாட்காட்டி வரும். 2026-இல் ஈஸ்டர் மீண்டும் பிரிகிறது, ஏப்ரல் 5 என்றும் ஏப்ரல் 12 என்றும். அந்த ஒரு வார இடைவெளியை அடுத்த அணியின் முதல் பாடமாக வைத்திருக்கிறேன்.