உன் இஷ்டம்ப்பா

என்னிடம் 6ஜி பைப் வெல்டிங் பயிற்சிக்கு வரும் பையன்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி எனக்கு மனப்பாடம். ரூட்டில், அதாவது ஜாயின்ட்டின் அடி வெல்டில், ஏன் ஓட்டை விழுகிறது, வெல்டில் காற்று படாமல் காக்கிற ஆர்கான் கேஸ் எவ்வளவு வைக்க வேண்டும், வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் என்னென்ன பார்ப்பார்கள், கேம்ப்பில் நாமே சமைத்துக்கொள்ளலாமா. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பேன். கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்கிற ஆள் என்று வீட்டில் எனக்குப் பெயர். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு கேள்விக்கு நழுவினேனா, இல்லை சரியாகத்தான் சொன்னேனா என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

பண்ருட்டிப் பக்கத்துப் பையன். கையில் ஒரு நிதானம் உண்டு. 6ஜி என்றால் பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். பைப் சுற்றாது, நாம்தான் சுற்ற வேண்டும். அடியில் ஆரம்பித்துப் பக்கவாட்டில் ஏறி உச்சியில் முடிப்பதற்குள், உடம்பைத் திருப்புகிற இடத்தில் பலருக்கு ரூட் கெட்டுவிடும். இவன் முடித்த பைப்பில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் எங்கே கையை மாற்றினான் என்றே தெரியாது. சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது.

ஒரே வாரத்தில் அவனுக்கு இரண்டு வேலை வந்தது. ஒன்று சிப்காட்டில், மெயின்டனன்ஸ் கான்ட்ராக்டர் ஒருவரிடம், வீட்டிலிருந்தே போய்வரலாம். இன்னொன்று கத்தார், இரண்டு வருட ஒப்பந்தம், சம்பளம் இங்கே கிடைப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சாயந்திரம் வெல்டிங் பூத்தைப் பெருக்கிவிட்டு வந்து நின்றான்.

"போலாமா சார்?"

"உன் இஷ்டம்ப்பா."

"நீங்களா இருந்தா போவீங்களா?"

"நான்தான் போயிட்டே வந்துட்டேனே."

சிரித்தான். நானும் சிரித்தேன். கிரைண்டரை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. யாரிடமாவது சொன்னால், இதில் என்ன இருக்கிறது என்பார்கள்.

முதல் பதிலில் எனக்குப் பெரிய சங்கடம் இல்லை. வயது வந்த பையன், அவன் வாழ்க்கை. போகச் சொல்லி அங்கே ஏதாவது ஒன்று ஆனால் சொன்னவன் தலைதான் உருளும். போகாதே என்று சொல்லி இங்கே கான்ட்ராக்ட் கைமாறி வேலை போனாலும் அதே தலைதான். அதைவிட முக்கியமாக, நான் யார் அவனைத் தடுக்க? மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டதே ரியால்தான். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "போகாதே தம்பி" என்றால், தான் சாப்பிட்டுவிட்டு அடுத்தவன் இலையை மடக்குகிறவன் என்றுதானே நினைப்பான்? ஆகவே உன் இஷ்டம் என்றது மரியாதைதான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பெரும்பாலான நாட்களில்.

இரண்டாவது பதில்தான் இடறுகிறது. அவன் அறிவுரை கேட்கவில்லை. என்னைப் பற்றிக் கேட்டான். அதற்கு நான் சொன்னது பதிலே இல்லை, சாமர்த்தியம்.

சரி, உண்மையாகச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அங்கேயும் சிக்கல்தான். என் குறைகளில் பாதி காலாவதியானவை. நான் கத்தாரின் கேஸ் ஆலை நகரமான ராஸ் லஃப்பானில் இருந்த காலத்தில் அந்த நாட்டை விட்டு வெளியே வர கம்பெனியின் எக்ஸிட் பெர்மிட் வேண்டும். லீவு சேங்ஷன் ஆகி, டிக்கெட் கையில் இருந்து, தங்கைக்கு நிச்சயதார்த்தம் என்று பெட்டியும் கட்டியாகிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டியவர் வியாழக்கிழமை மத்தியானமே போய்விட்டார். வெள்ளி, சனி ஆபீஸ் கிடையாது. நான் வந்து இறங்கியபோது பந்தல் பிரித்தாகிவிட்டது. இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பேன், சொல்லும்போதெல்லாம் ரத்தம் சூடாகும். ஆனால் அந்தச் சட்டமே இப்போது இல்லை. 2018இல் பெரும்பாலானவர்களுக்கு நீக்கினார்கள், 2020இல் மிச்சம் இருந்தவர்களில் அநேகம் பேருக்கும் நீக்கிவிட்டார்கள். வேறு கம்பெனிக்கு மாறப் பழைய முதலாளியிடம் ஆட்சேபணை இல்லை என்று என்ஓசி வாங்கும் வழக்கமும் போயிற்று. 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால். தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 தனி. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது. நான் பட்டதைச் சொல்லி இவனைப் பயமுறுத்துவது, தேதி முடிந்த மாத்திரையைக் கொடுக்கிற வேலை. எழுதிவைத்ததெல்லாம் சைட்டில் நடக்கிறதா என்பது வேறு விஷயம்.

மாறாதவையும் உண்டு. ரூட்டை அடிக்கிற டிக் வெல்டிங்கில் காற்று பட்டால் ஆர்கான் கலைந்து ரூட் முழுக்கப் பொத்தல் விழும். அதனால் சுற்றிலும் ஃபயர் பிளாங்கெட் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும், ஃபேன் வைக்க முடியாது. ஆகஸ்டில் அந்தக் கூடாரத்துக்குள் லெதர் ஜாக்கெட்டோடு இருப்பதை எந்தச் சட்டமும் குளிராக்கிவிடாது. அப்புறம் அந்த இரண்டரை மணி நேர வித்தியாசம். ஷிஃப்ட் முடிந்து, பஸ்ஸில் கேம்ப் வந்து, குளிக்க வரிசையில் நின்று, குழம்பு வைத்துச் சாப்பிட்டு, போனை எடுக்கும்போது அங்கே எட்டரை. இங்கே பதினொன்று. பிள்ளைகள் தூங்கியிருக்கும். வெள்ளிக்கிழமைப் பேச்சுதான் பேச்சு.

இவற்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இவற்றை மட்டும் சொன்னால் அது பொய். ஏனென்றால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நம் ஊரில் போய் வந்தவர்கள் யாரும் இதை வெளியே சொல்வதில்லை. குடும்பத்துக்காகக் கஷ்டப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. எனக்கு அங்கே ஒரு நம்பர் இருந்தது. நான் அடித்த ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் அந்த நம்பரை எழுதுவார்கள். எக்ஸ்ரே வரும். எத்தனை ஜாயின்ட், அதில் எத்தனை ரிப்பேர் என்று நம்பர் வாரியாகக் கணக்கு இருக்கும். ரிப்பேர் இல்லாத மாதங்களில் தரம் பார்க்கிற கியூசி ஆள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வேலைக்கான பெர்மிட் கையெழுத்தாகவில்லை, தீப்பிடிக்கிற கேஸ் இருக்கிறதா என்று பார்க்கும் கேஸ் டெஸ்ட் முடியவில்லை என்றால், எவ்வளவு பெரிய இன்ஜினியர் வந்து நின்றாலும் நான் ஆர்க் தட்ட மாட்டேன். அவரும் என்னோடு வெயிலில் காத்திருப்பார். ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் இங்கே ஒரு வொர்க்‌ஷாப்பில் டேங்கர் ஒன்றை வெல்ட் பண்ணச் சொன்னார்கள். உள்ளே கேஸ் பார்த்தாச்சா என்றேன். "ஃபாரின் ரிட்டர்ன் வந்துட்டாருப்பா" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வெயிலைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பையனின் ரூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றியது இதுதான்: இவன் கைக்கு ஒரு நம்பர் வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் போ என்று சொன்னதாகிவிடும். அவன் வீட்டு நிலவரமும் ஓரளவு தெரியும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது இவன் சின்னப் பையன். ஒரே காலையில் முந்திரி மரம் அத்தனையும் சாய்ந்தது, பலாவும்தான். மறுபடி நட்டு அது காய்ப்புக்கு வருவதற்குள் வட்டி காய்த்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் எக்ஸ்ரே ஃபிலிமின் அழகைப் பேசவா? கூச்சமாக இருந்தது. கூச்சமா, பயமா என்றால் தெரியவில்லை.

ஒன்றுமே சொல்லாமல் விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் உட்காரவைத்து, ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கச் சொன்னேன். சட்டப்படி அவர் வாங்கலாம் என்பது 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். இவனிடம் கேட்டது ஒரு லட்சத்துக்கு மேல். விசிட் விசாவில் ஏறாதே, ஒப்பந்த நகல் இல்லாமல் ஏறாதே, 10 லட்சம் இன்சூரன்ஸ் பாலிசியின் நகலை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ என்றேன். வரிசையாக எழுதிக்கொண்டான். இப்போது யோசித்தால், போவதா வேண்டாமா என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். "போ" என்ற வார்த்தையே அதில் நாலு தடவை வந்திருக்கும்.

போய்விட்டான். அதிலும் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது: அவனே முடிவெடுத்துப் போனான் என்று. போன மாதம் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் அவன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"நீங்கதான் போவச் சொன்னீங்களாமே சார். அவங்கப்பா வேணவே வேணாம்னாரு. சார் சொல்லிட்டாருன்னு இவன் ஒரே புடியா நின்னான். உங்க பேரச் சொன்னதும் அவரு வாயத் தெறக்கல."

கையில் ஒரு பை. முந்திரிப்பருப்பு, அரைப்படி இருக்கும். என் வீட்டுக்குக் கொடுத்துவிட யாராவது கிடைப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் பையன் பொய்யனாகிவிடுவான், அவன் அங்கே, இவர் இங்கே. அதனால் சொல்லவில்லை என்பது ஒரு காரணம். அவன் என் சிரிப்பைச் சரியாகத்தான் படித்திருக்கிறானோ என்ற சந்தேகம் இன்னொன்று. அப்பாவிடம் காட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது, என் பெயரை எடுத்துக்கொண்டான் என்றால் அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. எது முதலில் வந்தது என்று பிரிக்கத் தெரியவில்லை. பையை வாங்கிக்கொண்டேன்.

சின்னவன் ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறானாம், வெல்டிங்கும் கத்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். பரீட்சை முடிந்ததும் கூட்டிவரச் சொன்னேன். பாஸ்போர்ட் எடுத்தாச்சா என்று கேட்டதும் நான்தான்.