அனுமதிக் கடிதத்தில் ஐந்து நாடுகள்

அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் ஆசிரியராக இருந்தவர். கார்ஸ்ட் நிலத்தோற்றம் பாடம் நடக்கும் வாரத்தில் முழங்கை வரை சுண்ணக்கட்டித் தூளோடு வீட்டுக்கு வருவார். மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைப்பது, தரை உள்வாங்கிப் பள்ளமாவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறு மண்ணுக்குள் இறங்கி மறைந்துபோவது, எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்தே புரியவைப்பார். அந்த நிலத்தோற்றத்துக்குப் பெயர் தந்த க்ராஸ் பீடபூமி ஸ்லோவேனியாவில் இருக்கிறது. உள்வாங்கிய பள்ளத்துக்கு டோலின், மலைகளுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் அகன்ற பள்ளத்தாக்குக்குப் போல்யே என்று அவர் சொல்லிக்கொடுத்த சொற்களும் அந்தப் பகுதி மக்களின் மொழிகளிலிருந்து வந்தவைதான். அவர் அங்கே போனதே இல்லை. வரும் மே மாதம் வாடகை காரில் அழைத்துப் போகிறேன். ஸ்லோவேனியா, குரோவேஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ என்று நான்கு நாடுகள், பதினான்கு நாட்கள்.

திட்டத்தை வரைபடத்திலிருந்து தொடங்கவில்லை, வாடகை ஒப்பந்தத்திலிருந்து தொடங்கினேன். அதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயணத்தில், பக்கத்து நாட்டுக்குள் போகிறோம் என்று வாடகை அலுவலகத்தில் வாயால் சொன்னோம். தாராளமாகப் போகலாம் என்றார்கள். எல்லைச் சாவடியில் காவலர் எழுத்துபூர்வ அனுமதி கேட்டார். எங்களிடம் இல்லை. அந்தி நேரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனோம். அந்தப்புறம் பதிவு செய்திருந்த விடுதிப் பணமும் திரும்பவில்லை. அனுமதியில்லாமல் எல்லை தாண்டிய பிறகு விபத்து நடந்திருந்தால் காப்பீடு செல்லாமல் போயிருக்கும் என்பதைப் பிறகு ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆகவே இந்த முறை முன்பதிவுக்கு முன்பே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். எந்தெந்த நாடுகளுக்கு அனுமதி, எல்லை தாண்டும் கட்டணம் எவ்வளவு, கிரீன் கார்டு எனப்படும் பன்னாட்டுக் காப்பீட்டுச் சான்றைத் தருவீர்களா, டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை காப்பீட்டில் அடங்குமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சுண்ணாம்பு மலைச் சாலையில் முதலில் அடிபடுவது இவைதாம், சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் விலக்கப்படுவதும் இவைதாம். படகில் வண்டியை ஏற்றலாமா என்றும் கேட்டேன். மாண்டினீக்ரோவில் கோட்டோர் வளைகுடாவின் குறுகிய இடத்தை காமெனாரியிலிருந்து லெபெட்டானேவுக்குப் படகில் கடப்பது வழக்கம். சில ஒப்பந்தங்கள் அதற்கும் தனி அனுமதி கேட்கின்றன. தடை என்றால் வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அதில் அப்பாவுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. அது பனியாறு குடைந்த ஃபியோர்டு இல்லை, கடல் ஏறி மூழ்கடித்த ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பதை ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு விளக்கிக்கொண்டே வரலாம்.

ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் வண்டியை விட்டால் கட்டணம் மிக அதிகம். அதனால் ஸ்லோவேனியத் தலைநகர் லியுப்லியானாவில் தொடங்கி அங்கேயே முடிக்கிறோம். வட்டப் பாதை என்று முடிவானதும் அடுத்த கேள்வி, எந்தத் திசையில், எந்த வரிசையில் என்பது. இதில்தான் நான் அதிக மாலைப்பொழுதுகளைச் செலவழித்தேன். குரோவேஷியா 2023 ஜனவரி 1 அன்று, உறுப்பு நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டதால் ஸ்லோவேனியாவிலிருந்து உள்ளே போக வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை கிடையாது. போஸ்னியாவும் மாண்டினீக்ரோவும் ஷெங்கனுக்கு வெளியே. நான் முதலில் போட்ட திட்டத்தில் குரோவேஷியாவின் ஸ்ப்ளிட், போஸ்னியாவின் மோஸ்டார், குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக், மாண்டினீக்ரோவின் கோட்டோர், மீண்டும் டுப்ரோவ்னிக் என்று இருந்தது. அப்படிப் போனால் ஷெங்கனை விட்டு இரண்டு முறை வெளியேறி இரண்டு முறை நுழைய வேண்டும். மோஸ்டாரிலிருந்து, அதுவும் போஸ்னியாவிலேயே உள்ள ட்ரெபின்யே வழியாக நேரே மாண்டினீக்ரோவுக்கு இறங்கி, அங்கிருந்து டுப்ரோவ்னிக் வந்தால் ஒரே ஒரு முறை. எல்லை வரிசையில் வெயிலில் காத்திருப்பதும் குறைகிறது. ஒரு முறைதான் என்றாலும் ஷெங்கன் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றை நுழைவு விசா என்றால் கோட்டோரிலிருந்து திரும்ப வழியில்லை.

டுப்ரோவ்னிக்கிலிருந்து வடக்கே திரும்பும் வழி முன்பு சிக்கலாக இருந்தது. நெயூம் என்ற இடத்தில் போஸ்னியா கடலைத் தொடுவதால் குரோவேஷியக் கடற்கரை இரண்டாகத் துண்டாகிறது. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்தத் துண்டைத் தொடாமலே போகலாம். சுமார் 2.4 கிலோமீட்டர் நீளப் பாலம். என் திட்டம் முழுவதும் அதை நம்பித்தான் நிற்கிறது.

சாலைச் சுங்கம் எளிது. ஸ்லோவேனியாவில் நெடுஞ்சாலைக்கு வண்டி எண்ணின் பேரில் மின்-வின்யெட் எனப்படும் மின்னணுச் சுங்க அனுமதி, குரோவேஷியாவில் பெரும்பாலும் போகும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் யூரோதான் புழங்குகிறது. போஸ்னியாவுக்கு மட்டும் கொஞ்சம் மார்க் மாற்றிக்கொள்ள வேண்டும். பிணைத்தொகையை நிறுத்திவைக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோடு மூல உரிமத்தையும் வைத்திருக்க வேண்டும். ஓட்டப்போவது நான் ஒருத்திதான் என்பதால் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இதற்காக போஸ்னியத் தலைநகர் சாரயேவோவை விட்டதில் வருத்தம் உண்டு.

அப்பா தன் பங்குக்கு ஒரே ஒரு மாற்றம் சொன்னார். ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகைக்குள் ரயில் உண்டு, முழங்காலுக்கு நல்லது என்று அதைத்தான் குறித்திருந்தேன். "ஷ்கோட்ஸ்யான் குகைக்குப் போவோம். ரேகா ஆறு உள்ளே இறங்கும் இடத்தை நான் பார்க்க வேண்டும்" என்றார். அங்கே ஐந்நூறு படிகள் இருக்கின்றன என்றேன். மெதுவாக ஏறிக்கொள்கிறேன் என்றார்.

நேற்று இரவு மேசைமீது விரித்து வைத்திருந்த வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளிக்கோடு போட்டிருந்தார். ஷ்கோட்ஸ்யானில் தொடங்கி மேற்கே எல்லையைத் தாண்டிப் போய், இத்தாலியில் திமாவோ ஊற்றருகே முடிந்தது அந்தக் கோடு. ரேகா நிலத்துக்கடியிலேயே ஓடி அங்கேதான் வெளியே வருகிறது. கரும்பலகையில் மறைந்த ஆறும் இப்படித்தான் சுண்ணக்கட்டிப் புள்ளிகளாக ஓடி மறுமுனையில் வெளிவரும்.

இன்று காலை வாடகை நிறுவனத்துக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், அனுமதிக் கடிதத்தில் இத்தாலியையும் சேர்க்கச் சொல்லி.