கஞ்சி போட்ட ஒரு பென்னி

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் ஒரு விஷயத்தை ஒருவரிடம் காலையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் நௌசோரி வரை போய்விடும். பழைய பண நோட்டு சேகரிக்கிறவன் நான். 'வெள்ளைக்காரன் காலத்து நோட்டு யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க' என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயரே 'பழைய பைசா பாயி'.

முதலில் வந்ததெல்லாம் ராணி நோட்டுகள். டாக்சிக்காரர் ஒருவர் சர்ரென்று பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கி, எலிசபெத் ராணி போட்ட பத்து டாலரை நீட்டினார். "வெள்ளைக்காரன் காலம் பாயி, அம்பது டாலர் குடு." நோட்டைப் பார்த்தால் அவருடைய டாக்சியை விடப் புதுசு. ஆனால் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஃபிஜி சுதந்திரம் வாங்கியது 1970 அக்டோபர் 10. குடியரசு ஆனது 1987. அதற்குப் பிறகும் 2012 வரிசை நோட்டு வரும்வரை ராணியம்மா அசையவே இல்லை. வாடகை பாக்கி வைத்துக்கொண்டு காலி பண்ணாத குடித்தனக்காரர்கூட இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க மாட்டார். ராணி தலையை வைத்துக் காலம் கணிக்க முடியாது, பவுண்டும் ஷில்லிங்கும் இருக்கிறதா என்று பாருங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். டாலர் வந்தது 1969 ஜனவரியில். சுதந்திரத்துக்கு முந்தைய அந்த ஒன்றே முக்கால் வருஷத்து டாலர்களும் காலனி கணக்கில்தான் சேரும் என்று வாயைத் திறந்திருந்தால் டாக்சிக்காரர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருப்பார். சொல்லவில்லை.

அடுத்து, ஏழு டாலர் நோட்டு வந்தது. ஆமாம், ஏழு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ரக்பி செவன்ஸில் தங்கம் வாங்கியதற்காக 2017ல் அடித்தது. காலனி சரக்கு இல்லைதான், ஆனால் இதை வேண்டாம் என்று சொல்ல எந்தச் சேகரிப்பாளனுக்கு மனசு வரும்? வாங்கி வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரர் கொண்டுவந்ததுதான் அசல் சரக்கு. ஆறடிக்கு மேல் இருக்கும் மனிதர், பைபிளுக்குள்ளிருந்து ஒரு தாளைப் பூப்போல எடுத்தார். தென்னை மரம், கடற்கரை, 'ஒரு ஷில்லிங்'. மேலே ஆங்கிலத்தில் 'ஜப்பானிய அரசாங்கம்'. 1942ல் பசிபிக் தீவுகளுக்கென்று ஜப்பான்காரன் அரை ஷில்லிங்கிலிருந்து ஒரு பவுண்டு வரை அடித்த நோட்டு. ஓஷியானியாவுக்கு அடையாளமாக 'ஓ' எழுத்து போட்டிருக்கும். மலாயாவில் வாழை மரம் போட்டுப் பத்து டாலர் அடித்தானே, அதற்குத் தம்பி முறை. ஃபிஜியில் அவன் காலே வைக்கவில்லை. இவருடைய தாத்தா உலகப் போரில் பூகன்வில் தீவுச் சண்டைக்குப் போய்வந்தபோது கொண்டுவந்ததாம்.

"என்ன விலை?" என்றேன்.

"விலையா? குடுத்தா தாத்தா கனவுல வந்து உதைப்பார். சும்மா பாரு."

பார்த்தேன். கூடவே யங்கோனாவும் வந்தது, கவா வேரை இடித்துக் கரைத்த பானம். பாயில் உட்கார்ந்து, ஒரு தடவை கை தட்டி, 'புலா' சொல்லி, கொட்டாங்கச்சியை ஒரே மூச்சில் கவிழ்த்தேன். நாக்கு மரத்துப்போனதில் பேரம் பேச வாய் எழவில்லை. திட்டமிட்டுத்தான் ஊற்றியிருப்பாரோ என்று இன்றுவரை சந்தேகம்.

நான் உண்மையிலேயே தேடிக்கொண்டிருந்தது 1942 ஜூலை 1 தேதியிட்ட ஒரு பென்னி நோட்டு. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அந்த ஒற்றைப் பென்னிக்கும் காகிதம் அடித்தார்கள். போர்க்காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு. நியூசிலாந்து நோட்டின் மேல் 'ஃபிஜி அரசு' என்று முத்திரை குத்திச் செலவழித்த காலம் அது. நடுவில் ஓட்டை போட்ட ஃபிஜி பென்னிக்காசைக் கடைசியில் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் அடித்து வரவழைத்தார்கள். நோட்டிலும் ஒரு ஓரத்தில் அந்தக் காசின் படம், ஓட்டையோடு.

வீட்டுக்காரம்மாவின் பெரியப்பா, 'பா' என்ற ஊரிலிருந்து போன் செய்தார். கரும்புக்காட்டுக்காரர். அவருடைய தாத்தா மதராஸிலிருந்து கிர்மிட் கூலியாக, அதாவது ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். பெரியவர் பேச்சில் பாதி தமிழ், பாதி ஃபிஜி இந்தி. "தம்பி, ஒரு பென்னி காகிதம் நம்மகிட்ட இருக்கு. டப்பால நாலா மடிச்சு வச்சிருக்கு. சனிக்கிழமை வர்றேன்."

நாலாக மடித்தது என்றால் விலை பாதி. மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதே கணக்கைப் பெரியவரின் பேரன் போனில் தட்டிப் பார்த்து அவரிடமே சொல்லிவிட்டான் என்பது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை வராந்தாவில் பிஸ்கட் டப்பா திறந்தது. உள்ளே கரும்புக் கம்பெனிச் சீட்டுகள், ஒரு முருகன் படம், அதற்கடியில் பென்னி நோட்டு. அப்பளம் மாதிரி விறைப்பாக நின்றது. மடிப்பின் சுவடே இல்லை. தூக்கிப் பிடித்தால் வளைய மறுத்தது. ஒரு மூலையில் மட்டும் பழுப்பாக, சின்னதாக ஒரு முக்கோணம். மூக்கருகே கொண்டுபோனேன். மரவள்ளிக் கஞ்சி வாசனை.

"தாத்தா, இது..."

"மடிப்பு இருந்தா பாதி விலைன்னு பேரன் சொன்னான். மருமக கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிட்டா. இப்ப மடிப்பு எங்க, காட்டு பாப்போம்!"

சேகரிப்பாளர்கள் நோட்டை விரலால் தொடக்கூட யோசிப்பார்கள். தண்ணீர், சூடு, கஞ்சி மூன்றையும் ஒரே நாளில் பார்த்த நோட்டுக்கு எந்தப் பட்டியலிலும் தரம் கிடையாது. இதை எப்படிச் சொல்வது? உபசாரத்துக்கு என் ஆல்பத்தைக் கொடுத்தேன். பெரியவர் எச்சில் தொட்டுப் புரட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டோங்காவின் நாலு ஷில்லிங்கைப் பார்த்தார். "நாலுல ஒரு நோட்டா? நம்ம ஊர்ல அஞ்சு ஷில்லிங்குல்ல?" அமெரிக்க டாலரில் 'ஹவாய்' என்று பெரிசாக முத்திரை குத்தியது ஏன் என்று கேட்டார். பேர்ல் ஹார்பர் அடிக்குப் பிறகு, ஜப்பான்காரன் ஹவாயைப் பிடித்தால் அந்த நோட்டுகளை மட்டும் செல்லாது என்று அறிவித்துவிடலாம் என்று 1942ல் செய்த ஏற்பாடு என்றேன். "விவரமானவன்" என்றார். நியூ ஹெப்ரைட்ஸ் நோட்டில் வந்து நின்றார். இன்றைய வனுவாட்டு. 1906லிருந்து 1980 வரை இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட தீவுகள். ரெண்டு போலீஸ், ரெண்டு சட்டம், ரெண்டு சிறைச்சாலை.

"ரெண்டு பேருக்கும் வரி கட்டணுமா?" அவருடைய கவலை அதுதான்.

அடுத்த பக்கம் புரட்டியதும் கை நின்றுவிட்டது. ஏழு டாலர். பேரன் பள்ளிக்கூடத்து ரக்பி டீமில் ஆடுகிறானாம். பெரியவர் டப்பாவைப் பார்த்தார், ஆல்பத்தைப் பார்த்தார். அதுவரை டீ ஊற்றிக்கொண்டு சும்மா இருந்த என் மனைவி கேட்டாள்: "தாத்தா, உங்களுது எவ்வளவு? ஒரு பென்னி. இவருது ஏழு டாலர். கணக்குப் பார்த்தா எங்களைவிட நீங்கதான் நிறைய லாபத்துல இருக்கீங்க."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். கைமாறியது. ஏழு டாலரை மடிக்காமல் முருகன் படத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார். கஞ்சி நோட்டு என் கவருக்குள் போனது. கண்காட்சிக்கு ஆகாது, ஆனால் இந்தப் பசிபிக் முழுக்க இஸ்திரி போட்ட பென்னி வேறு யாரிடமும் இருக்காது.

கிளம்பும்போது பெரியவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "தம்பி, உன் நோட்டெல்லாம் ரொம்பக் கசங்கிக் கிடக்கு. குடு, மருமககிட்ட சொல்லி எல்லாத்தையும் ஒரே நாள்ல தேச்சுத் தர்றேன். காசு வேணாம்."

நான் பதில் சொல்வதற்குள் மனைவி பை எடுத்துவர உள்ளே போய்விட்டாள்.