யானை போட்ட மாலை

நேற்றிரவு மறுபடியும் ‘சரஸ்வதி சபதம்’ பார்த்தேன். 1966இல் ஏ.பி.நாகராஜன் எடுத்தது. சிறுவயதில் எனக்கு அது நாரதர் கலகம் மட்டும்தான். சிவாஜியின் நடையே போதும். இப்போது கண் வேறிடத்தில் நிற்கிறது.

ஊமைக்குச் சரஸ்வதி பேச்சைத் தருகிறாள், கோழைக்குப் பார்வதி வீரத்தை. லட்சுமியின் வரமோ நேராக அரண்மனைக்கே போகிறது: பட்டத்து யானை மாலை போட, பிச்சைக்காரப் பெண்ணான கே.ஆர்.விஜயா அரசியாகிவிடுகிறார். தேர்தல் செலவு மிச்சம்! அரியணையில் அமர்ந்தவளுக்கு அடுத்து என்ன வேண்டும் தெரியுமா? பேச்சு வந்து புலவனாகிவிட்ட அந்த ஊமை தன்னைப் புகழ்ந்து பாட வேண்டும். மறுக்கிறான், சிறை. நேற்றுவரை பிச்சைப் பாத்திரம் ஏந்திய கைதான் அது.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் யானைக் கட்டத்திலேயே இருந்தார்.

“நம் தெருப் பக்கம் ஒரு யானை வராதாடா?”