உப்பு வேர்க்கும் இலை

சனிக்கிழமை தொடக்கநிலை 4 பிள்ளைகளோடு தொண்டூழியராகச் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போய்வந்தேன். ஒருகாலத்தில் இறால் குட்டைகள் இருந்த இடம். 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள், 2002இல் பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பகுதி ஆனது.

கையில் இருபது கேள்விகள் கொண்ட பயிற்சித்தாள். பிள்ளைகள் தாளையே பார்த்துக்கொண்டிருக்க, கீழே சேற்றில் இரண்டு சேற்று மீன்கள் முதுகுத் துடுப்பை விரித்துச் சண்டை போட்டு முடித்தேவிட்டன! கோபத்தில் எல்லாத் தாள்களையும் வாங்கிப் பைக்குள் திணித்தேன். (ஆசிரியை முறைத்தார். முறைக்கட்டும்.)

பிறகுதான் பார்க்கவே தொடங்கினார்கள். மர நடைபாதை ஓரம் தாழ்ந்திருந்த ஓர் அலையாத்திக் கிளையில், இலைமேல் பொடிப்பொடியாக வெள்ளை மணிகள். பறிக்கக் கூடாது, விரலால் தொடலாம் என்றேன். ஒருத்தி தொட்டாள், நான் தடுப்பதற்குள் நாக்கிலும் வைத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, உப்பு!"

வேர் உறிஞ்சும் கடல்நீரின் உப்பை இலையின் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயிலில் நீர் காய்ந்து உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் கழுவிப்போயிருக்கும். எங்கள் அதிர்ஷ்டம், மூன்று நாளாக நல்ல வெயில்.

அடுத்து, சேற்றிலிருந்து பென்சில்போல நிமிர்ந்து நிற்கும் வேர்கள். காற்றில்லாத சேற்றில் மூச்சுவிடத்தான் அவை மேலே வருகின்றன என்றதும், "அப்படியென்றால் வெள்ளம் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுமா?" என்றான் கடைசி வரிசைப் பையன்.

அந்தக் கேள்வி தாளில் இல்லை.