எங்கள் பூங்காவில் ஒரு நிழல் வகுப்பறை

கடலூரில் எங்கள் நகர்ப் பூங்காவில் நிற்கும் இரண்டு புங்க மரங்களும் தானே புயலுக்குப் பிறகு நட்டவை. 2011 டிசம்பர் 30 காலையில் அந்தப் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவின் பெரிய மரங்கள் எல்லாமே சாய்ந்துவிட்டன. அடுத்து வந்த சித்திரையில் தெருமுனைக் கடைக்குப் போகக்கூட குடை எடுக்க வேண்டியிருந்தது. அந்த மழைக்காலத்தில் நட்ட கன்றுகள்தான் இன்று பிள்ளைகளை உட்காரவைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன.

நான் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர். 2021 கடைசியில் அந்தத் திட்டம் தொடங்கியபோது என் வீட்டு வாசலில் 18 பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்ல ஆரம்பித்தேன். வாசல் போதவில்லை, பூங்காவுக்குப் போனோம். வீட்டு வாசலில் வாயே திறக்காத மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், உதிர்ந்து கிடந்த புங்கங்காய்களை ஏழு ஏழாகக் கூட்டி வைத்து ஏழாம் வாய்ப்பாட்டை முழுசாகச் சொன்னான். இதைப் பகலில் பள்ளிக்கூடமே செய்தால் என்ன என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பள்ளி பூங்காவிலிருந்து நடந்தால் மூன்று நிமிடம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசினேன். குழுத் தலைவியும் ஒரு பிள்ளையின் அம்மாதான், உடனே புரிந்துகொண்டார். தீர்மானம் எழுதி, அதன் நகலோடு மனுக் கொடுத்தோம். ஒப்புதல் வந்தது. நிரந்தரக் கட்டடம் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சல் கூடாது என்று மூன்று நிபந்தனைகள். மூன்றுமே நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நான் தவறு செய்தது இதற்குப் பிறகுதான்.

2024 தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். காலை 10 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் 12 கருங்கல் பலகைகளை அரைவட்டமாகப் பதித்தோம். வீடு இடித்த இடத்தில் கிடைத்த கற்கள். பிள்ளைகளின் கால் தரையைத் தொட வேண்டுமென்று ஒரு அடி உயரம்தான் வைத்தோம். பங்குனி வரை எல்லாம் சரியாக இருந்தது. ஜூனில் பள்ளி திறந்து முதல் வகுப்புக்குப் போனால் பாதிக் கற்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. உட்கார்ந்த பிள்ளை "சுடுதுக்கா" என்று எழுந்துவிட்டாள்.

தையில் காலைச் சூரியன் தென்கிழக்கில் நிற்கும், நிழல் வடமேற்கே விழும். ஆனியில் அதே 10 மணிக்குச் சூரியன் வடகிழக்கில் இருக்கும், நிழல் மேற்கே போய்க் கொஞ்சம் தெற்கே சாயும். எங்கள் மரத்துக்கு இந்த வித்தியாசம் பன்னிரண்டு அடிக்கு மேல். உத்தராயணம், தட்சிணாயனம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கல் போடும்போது அது நினைவுக்கு வரவில்லை.

கற்களைப் பெயர்த்து மாற்றலாம் என்றுதான் மேஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்லை எத்தனை வாட்டிம்மா பேக்கிறது? நிழல் போற பக்கம் புள்ளைங்க போவட்டும்." அந்த வாரமே தென்னை ஓலையில் தடுக்கு முடையச் சொன்னோம். எங்கள் தெருவில் முடையத் தெரிந்த பாட்டிகள் இருவர், இரண்டு நாளில் 25 தடுக்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தடுக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனதைத் தன் அப்பா சொல்லக் கேட்டதாக அவர்களில் ஒருவர் சொன்னார். கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாதம் ஒருமுறை நிழல் விளிம்பு எந்தக் கல்லில் நிற்கிறது என்று நான்காம் வகுப்பு குறித்துவைக்கிறது.

கரும்பலகையை முதலில் மரத்தடியில் கிழக்கே வைத்தோம். பிள்ளைகளுக்குக் கண் கூசியது. மேற்கே மாற்றிய பிறகு இன்னொரு நன்மையும் தெரிந்தது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும். டீச்சர் மேற்கே நின்று பேசினால் காற்றே குரலைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சுவரில்லாத இடத்தில் இது பெரிய உதவி. அப்படியும் 25 பேருக்கு மேல் கூடாது, 40 நிமிடத்துக்கு மேல் கூடாது. கழிப்பறைக்குப் பள்ளிக்குத்தான் திரும்ப வேண்டும், அதற்குச் சாலையைத் தாண்ட வேண்டும். சொல்வதெழுதுதலுக்கு இந்த இடம் ஒத்துவரவே இல்லை. மீன் வண்டிக்காரர் வந்தால் பாதி வார்த்தை போய்விடும். நீளம், சுற்றளவு, இலை, பூச்சி, கதை இதற்கெல்லாம் இதைவிட நல்ல இடம் கிடையாது. பலகையில் கறுப்பு மங்கினால் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பிள்ளைகளே பூசுகிறார்கள்.

முதல் வகுப்புக்காக எழுதுமணல் தொட்டி ஒன்று செய்தோம். முதலில் கொட்டியது எம்-சாண்ட். பாறையை உடைத்த பொடி என்பதால் ஒவ்வொரு துகளும் கூர், விரல் சிவந்துபோனது. தெருவில் ஒருவர் வீடு கட்டி மிச்சம் வைத்திருந்த ஆற்றுமணலைக் கேட்டு வாங்கிச் சலித்துப் போட்டோம். ராத்திரி பூனைகள் அசுத்தம் செய்யாமலிருக்க தினமும் தார்ப்பாயால் மூட வேண்டும். செய்ய நினைப்பவர்கள் மணலுக்கு முன்னால் மூடியைப் பற்றி யோசியுங்கள்.

கண்ணாடித் துண்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவில் குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில்களின் சில்லுகள். முதல் மூன்று வாரம் தினமும் காலை 8 மணிக்குப் போய்ப் பொறுக்கினேன். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் நாங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வோமோ என்று ஆரம்பத்தில் பயந்தார்கள். நான் குனிந்து பொறுக்குவதைப் பார்த்து அவர்களில் ஒரு அய்யா துடைப்பத்தோடு வர ஆரம்பித்தார். இப்போது அந்த வேலை அவருடையது.

ஆகஸ்ட் 21-ஐ நான் மறக்க மாட்டேன். கடலூர் இருக்கும் அட்சரேகைக்கு ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 தேதிகளை ஒட்டி உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். ஏப்ரலில் தேர்வு நேரம். அதனால் ஆகஸ்ட்டுக்குக் காத்திருந்தோம். திறந்த வெளியில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை நிமிர்த்தி வைத்துச் சுற்றி நின்றோம். பெரிய டீச்சர் சாப்பாட்டு மணியைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். 12.15 வாக்கில் குழாயின் நிழல் சுருங்கிச் சுருங்கிக் காணாமலே போனது. ஒரு பெண் குனிந்து தன்னையே சுற்றிப் பார்த்துவிட்டு, "என் நிழலு காலுக்குள்ள பூந்துடுச்சுக்கா" என்று கத்தினாள். எனக்குக் கண் கலங்கியது.

அந்த நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. பூங்காவில் தண்ணீர் நின்று மணல் கரைந்தது, தடுக்குகள் அழுகின, ஒரு பெரிய கிளை முறிந்தது. கற்கள் அசையவில்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வெளி வகுப்பு கிடையாது என்று அதற்குப் பிறகு முடிவு செய்துவிட்டோம். தையில் புதுத் தடுக்கு முடைந்து மறுபடி தொடங்கினோம்.

வெயிலில் காயும் கற்களுக்கும் ஒரு வழி செய்திருக்கிறோம். எங்கள் கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரின் பெயரில் இருக்கும் பாதிரி மரத்தை எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. கல் வரிசைக்குக் கிழக்கே, ஆனி மாத வெயில் வரும் பக்கம், ஒரு பாதிரிக் கன்று நட்டோம். ஐந்தாம் வகுப்பு மாதாமாதம் அளக்கிறது. போன மாதம் 94 சென்டிமீட்டர்.