கம்பெனி சர்வீஸ் பில்லில் எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

காரை கம்பெனி சர்வீஸுக்கு விட்டால் பில் எகிறுவது ஆயிலாலும் ஃபில்டராலும் அல்ல. சின்ன பெட்ரோல் கார் ஒன்றின் வருடாந்திர சர்வீஸில் கட்டாயம் மாற்ற வேண்டியவை பெரும்பாலும் மூன்றுதான்: மூன்று, மூன்றரை லிட்டர் எஞ்சின் ஆயில், ஓர் ஆயில் ஃபில்டர், ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு ஒரு வாஷர். மற்றதெல்லாம் பார்ப்பது, துடைப்பது, ஊதுவது, முடுக்குவது. அப்புறமும் பில் பத்தாயிரத்தைத் தாண்டினால், ஓனர்ஸ் மேனுவலில் இல்லாத சில வேலைகள் அதில் ஏறியிருக்கின்றன என்று அர்த்தம். அவை ஏறுவது காலையில் ஜாப் கார்டு (செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் சீட்டு) போடும் அந்தப் பத்து நிமிடத்தில். சாயங்காலம் கேஷ் கவுன்ட்டரில் நின்று சண்டை போட்டால் வாட்டர் வாஷ் காசு குறையலாம், அவ்வளவுதான்.

எனவே வேலை முந்தின நாள் ராத்திரியே ஆரம்பிக்கிறது. டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும் மேனுவலை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். கிலோமீட்டரும் மாதமும் மேலே, பாகங்கள் பக்கவாட்டில். கட்டத்துக்குள் ஆங்கில எழுத்து 'ஐ' என்றால் பார்த்தால் போதும், 'ஆர்' என்றால் மாற்ற வேண்டும். உங்கள் கிலோமீட்டருக்கு நேரே எத்தனை 'ஆர்' இருக்கிறது என்று எண்ணி, அந்தப் பக்கத்தை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் அதிகம் நடப்பது இந்த 'ஐ'யை 'ஆர்' ஆக்கும் வேலைதான். உதாரணம் ஏர் ஃபில்டர். மாருதியின் பல பெட்ரோல் மாடல்களில், நல்ல சாலையில் ஓடும் வண்டிக்கு அதை 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் போதும், நடுவில் சுத்தம் செய்தால் சரி. ஆனால் 20,000 சர்வீஸிலேயே "ரொம்ப டஸ்ட்டா இருக்கு சார், மாத்திடலாம்" என்பார்கள். தூசியைப் பிடிப்பதுதான் அதன் வேலை.

அட்டவணைக்குப் பக்கத்திலேயே கடினமான சூழலுக்கென்று இன்னொரு அட்டவணை இருக்கும். செம்மண் சாலை, குவாரி, கட்டட வேலை நடக்கும் பகுதி, எஞ்சின் சூடாகுமுன்னே நிறுத்திவிடும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டங்கள், எப்போதும் நெரிசல் என்றால் உங்களுக்கு அதுதான் பொருந்தும். இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். வண்டி ஓடவே இல்லை, வருடத்துக்கு 4,000 கி.மீ.தான் என்றாலும் ஆயிலை வருடம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். 10,000 கி.மீ. அல்லது 12 மாதம் என்றால் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

ஆன்லைனில் புக் செய்யும்போதே நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். ஹூண்டாய் உட்பட சில நிறுவனங்களில் மாடலையும் கிலோமீட்டரையும் கொடுத்தால் சர்வீஸ் செலவுக் கணக்கு வரும். அதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கையில் அந்த எண் இருந்தால், வண்டியை வாங்கி ஜாப் கார்டு போடும் சர்வீஸ் அட்வைசரின் பேச்சே மாறும்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அட்வைசருக்கு சம்பளத்தோடு சேர்ந்து இலக்கும் உண்டு. கோட்டிங், கிளீனிங் வகையறாவில் மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்பது மேலிடத்து நெருக்கடி. மாதக் கடைசியில், அதுவும் சனிக்கிழமை, கூட்டத்துக்கு நடுவே போனால் அவர் பேச்சைக் கேட்கும் நிலையில் நீங்கள் இருப்பீர்கள், உங்கள் பேச்சைக் கேட்கும் நிலையில் அவர் இருக்க மாட்டார். மாதத் தொடக்கத்தில், வார நாள் காலையில் போனால் வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கவும் விடுவார்கள்.

ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுமுன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, "அட்டவணைப்படி சர்வீஸ் மட்டும்; கூடுதல் வேலை எதுவானாலும் போனில் கேட்டுவிட்டு" என்ற வரி. இரண்டு, ஜிஎஸ்டியோடு சேர்த்த எஸ்டிமேட். மூன்று, மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைக்க வேண்டும் என்ற குறிப்பு. இந்த மூன்றாவதுதான் பலசாலி. மாற்றாமலே மாற்றியதாக பில் போடும் வழி இதோடு அடைபடுகிறது.

இனி அந்தக் கூடுதல் வேலைகள்.

இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் டீகார்பனைசிங், எஞ்சின் ஃப்ளஷ் (எரிபொருள் தெளிக்கும் முனையையும் எஞ்சினின் உட்புறத்தையும் கெமிக்கல் விட்டு சுத்தம் செய்பவை): பெரும்பாலான மேனுவல்களில் இவற்றுக்கு அட்டவணையே கிடையாது. வண்டி திணறாமல், மைலேஜ் இறங்காமல் ஓடுகிறது என்றால் தேவையில்லை. ஃப்ளஷ் கொஞ்சம் ஆபத்தும்கூட. பல வருடம் ஆயில் ஒழுங்காக மாற்றாத எஞ்சினில் ஊற்றினால் படிந்த கசடு பெயர்ந்து ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கலாம். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை சுத்தம் செய்வதில் அர்த்தமுண்டு, வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறி இறங்கினால் மட்டும்.

ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட் என்று ஒரு ஸ்ப்ரே அடிப்பார்கள். ஏசியில் வாடை வருகிறதென்றால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். ஸ்விஃப்ட், ஐ10 போன்ற பல வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டியின் இரு பக்கத்தையும் உள்ளே அழுத்தி இறக்கினால் பின்னால் ஒரு நீளமான மூடி தெரியும். அதைக் கழற்றி ஃபில்டரை இழுத்து, புதியதைச் செருக வேண்டும். விளிம்பில் காற்றோட்டத்துக்கு அம்புக்குறி இருக்கும், பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம். ஐந்து நிமிட வேலை, ஸ்குரூடிரைவர்கூட வேண்டாம். எஞ்சின் ஏர் ஃபில்டரும் இப்படித்தான், சில கிளிப்புகளை நெம்பினால் திறக்கும். காற்றடித்து சுத்தம் செய்வதானால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். எதிர்ப்பக்கம் ஊதினால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். தண்ணீரில் அலசவே கூடாது.

அண்டர்பாடி கோட்டிங் புது வண்டிக்காரர்களிடம் முதல் சர்வீஸிலேயே விற்கப்படுவது. தொழிற்சாலையில் வண்டியின் உடலை பிரைமர் தொட்டியில் முக்கி எடுத்து, அடியில் சீலன்டும் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். கடலோரத்தில் வீடு, உப்புக்காற்று என்றால் யோசிக்கலாம். அப்போதும் ஒரு கவனம்: கதவுக்கு அடியிலும் தரைத் தகட்டிலும் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவசரத்தில் அடிப்பவர்கள் அதையும் சேர்த்து அடைத்துவிட்டால், துருவைத் தடுக்கப் போட்ட பூச்சே உள்ளேயிருந்து துருவை வளர்க்கும். எலி ஸ்ப்ரே அடுத்த வாஷோடு போய்விடும். (எலி வராமலிருக்க எஞ்சினைச் சுற்றி வலை அடிப்பது கொஞ்சமாவது நியாயமான செலவு.)

வீல் அலைன்மெண்ட், பேலன்சிங் ஒவ்வொரு சர்வீஸிலும் பில்லில் ஏறும். நேர் சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, டயர் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறதா, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் டயரை இடம் மாற்றிப் போட்டால் போதும். தேவைப்பட்டாலும் வெளியில் நல்ல டயர் கடையில் செய்துகொள்ளலாம்.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஆனால் எண் கேளுங்கள். "பேட் தேஞ்சிடுச்சு சார்" என்றால் "எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?" என்பதுதான் பதில். புது பேட் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்குப் பக்கம் வந்தால் மாற்றுங்கள். 6 இருக்கும்போது மாற்றச் சொன்னால் அடுத்த சர்வீஸுக்குத் தள்ளுங்கள். டிஸ்க்கை மாற்றச் சொன்னால், அதன் குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அளந்து காட்டச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் விஷயம் வேறு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். கொடைக்கானல், ஏற்காடு இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும்போது அது கொதித்து நீராவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. மேனுவலில் இரண்டு வருடம் என்று இருந்தால் இரண்டு வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

பேட்டரி 'வீக்' என்றால் வோல்ட் கேளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. மாற்றவே வேண்டியிருந்தால் வெளியில் பேட்டரி டீலரிடம் பழையதைக் கொடுத்து மாற்றுவது பெரும்பாலும் மலிவு. வைப்பர் பிளேடும் அப்படியே.

சாயங்காலம் பில் வந்ததும் முதலில் ஆயில் அளவு. மேனுவலில் ஃபில்டரோடு சேர்த்து 3.1 லிட்டர் என்று இருந்து பில்லில் 4 லிட்டர் என்றால், மிச்ச ஆயில் டப்பா எங்கே என்று கேளுங்கள். டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள், மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அதுவும் கெடுதல்தான். ஆயிலின் கிரேடு மேனுவலில் உள்ளதாக இருக்க வேண்டும். 0டபிள்யூ-16 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் எஞ்சினில் மலிவாகக் கிடைக்கிறதென்று கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றுவது சேமிப்பே இல்லை. மைலேஜ் இறங்கும், குளிர்ந்த எஞ்சினில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும்.

அடுத்தது எம்ஆர்பி. பாகத்தின் பெட்டியில் உள்ள எம்ஆர்பியில் வரி அடக்கம். பில்லில் வரி சேர்க்காத விலையும் ஜிஎஸ்டியும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் கூட்டினால் எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. 500 ரூபாய் பாகம், 18 சதவீத வரி 90, மொத்தம் 590. இந்த 590தான் எம்ஆர்பி என்றால், 590க்கு மேல் இன்னொரு 18 சதவீதம் போட்டிருந்தால் அது தவறு. முன்பு 28 சதவீதத்தில் இருந்த வாகன பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். பழைய ஸ்டாக் பெட்டியில் 640 என்று அச்சாகியிருந்தாலும் புது விலைதான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, லேபர். 'பீரியாடிக் சர்வீஸ்' லேபருக்குள்ளேயே பிரேக் சுத்தம், ஃபில்டர் சுத்தம் வந்துவிடும். கீழே 'பிரேக் கிளீனிங்' என்று தனியாக ஒரு வரி இருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி. 'கன்ஸ்யூமபிள்ஸ்' (வேலையில் செலவாகும் சில்லறைப் பொருள்கள்) என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் என்னென்ன என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், பல நேரம் கேட்டதுமே குறையும்.

எந்த சென்டருக்குப் போவது என்பதிலும் காசு இருக்கிறது. வாரன்ட்டியும் இலவச சர்வீஸும் வண்டி வாங்கிய டீலரோடு கட்டப்பட்டவை அல்ல, அதே நிறுவனத்தின் எந்த அங்கீகாரம் பெற்ற சென்டரிலும் செல்லும். லேபர் விலை ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் இருப்பவர் ஊருக்குப் போகும்போது விழுப்புரத்திலோ கும்பகோணத்திலோ சர்வீஸ் விட்டால் குறையலாம். இலவச சர்வீஸில் இலவசம் லேபர் மட்டும், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு.

வாரன்ட்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸை விட வேண்டாம். 2024 ஜூலையில் மாருதி தன் வாரன்ட்டியை 3 வருடம் அல்லது 1,00,000 கி.மீ. ஆக்கியது, அதைக் காப்பாற்ற வருடம் ஒரு சர்வீஸ் பெரிய விலையல்ல. வெளியில் சர்வீஸ் செய்தார் என்பதற்காகவே மொத்த வாரன்ட்டியையும் ரத்து செய்யக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் கார் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது உண்மை. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. கியர்பாக்ஸ் போன நாளில் அந்த உத்தரவைக் காட்டி வாதாடுவதைவிட, தேதி தவறாத சர்வீஸ் ரெக்கார்டைக் காட்டுவது சுலபம். வாரன்ட்டி முடிந்தபின் பாகங்களை நிறுவனத்தின் ஸ்பேர்ஸ் கடையிலேயே வாங்கி, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றினால் லேபரில் நன்றாகவே மிச்சமாகும்.

வண்டியை எடுக்கும்போது கண்ணாடியில் அடுத்த சர்வீஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். மேனுவல் 10,000 கி.மீ., 12 மாதம் என்று சொல்ல, ஸ்டிக்கரில் 5,000, ஆறு மாதம் என்று இருந்தால் அங்கேயே மாற்றி எழுதச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரிலும் மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஐந்தாவது மாதத்திலிருந்தே கால் சென்டர் போன் வர ஆரம்பித்துவிடும்.